ஓடையைச் சொல்லுங்கள், தூண்டிலைச் சொல்கிறேன்

போன மாத இதழில், குளிர்ந்த மலையோடைகளில் வாழும் ட்ரவுட் மீனைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களை ஒரு கட்டாகக் கட்டி அனுப்பிவைத்திருக்கிறார் ஆசிரியர். பாதிக்கு மேல் ஒரே கேள்வி: எந்த ராடு, அதாவது தூண்டில் கோல், வாங்குவது? அதனால் கெண்டை, விரால் கேள்விகள் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், நான் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தவன். எஸ்டேட் துரைமார் உடைத்துக்கொண்டு வரும் ராடுகளைச் சரிசெய்து கொடுத்துத்தான் இதையெல்லாம் கற்றேன். எந்தக் கடைக்கும் வேண்டியவன் அல்ல.

மே மாதம் குடும்பத்தோடு இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். நானும் 14 வயது மகனும் ட்ரவுட் பிடிக்க ஆசைப்படுகிறோம். "இமயமலை ஆறு, வேகம் அதிகம், பலமான ராடுதான் வேண்டும்" என்று கடையில் ஒரு ஒன்பதடி ராடைக் காட்டினார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், கோவை

வாங்காதீர்கள். வாங்கியாயிற்று என்றால் ராமேஸ்வரம் போகும்போது எடுத்துப்போங்கள், அங்கே உதவும்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். 2011இல் முதல்முறை தீர்த்தன் போனபோது, எமரால்டு அணையில் கெண்டை பிடிக்க வைத்திருந்த தடித்த ராடைத்தான் கொண்டுபோனேன். தீர்த்தன் கரையில் இருக்கும் குஷைனி ஊருக்கு மேலே மூன்று நாள். ஏழு மீன் கடித்தது, கரைக்கு வந்தது ஒன்று. மற்ற ஆறும் ஒரே மாதிரிதான் போயின: சுண்டி இழுக்கும், நான் தூக்குவேன், ஒரு வெள்ளி மின்னல் தண்ணீருக்கு மேலே வரும், முள் காலியாகத் திரும்பும். நான் தங்கியிருந்த வீட்டுப் பையன், பதினாறு வயது இருக்கும், கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் என் ராடைக் கையில் வாங்கி, நுனியைப் பிடித்து வளைத்துப் பார்த்தான். அது வளையவே இல்லை. சிரித்துவிட்டுத் தன்னுடையதைக் கொடுத்தான். ஐந்தரை அடி, கைப்பிடிக் கார்க் பாதி தேய்ந்துபோன ஒரு பழைய ராடு. அன்று சாயங்காலமே நாலு மீன்.

நடந்தது இதுதான். தீர்த்தனில் நமக்குக் கிடைக்கும் மீன் பெரும்பாலும் கால் கிலோ, அரைக் கிலோதான். முள் லேசாகத்தான் பிடித்திருக்கும். மீன் தலையை உதறும்போது ராடு வளைந்து கொடுத்தால் அந்த உதறல் அதிலேயே அடங்கிவிடும். விறைப்பான ராடு என்றால் உதறல் முழுவதும் முள்ளில் இறங்கும், வாய் கிழிந்து மீன் போய்விடும்.

வீசுவதிலும் இதே கதைதான். அங்கே பயன்படுத்தும் ஸ்பின்னர், அதாவது சுழலும் தகடு கட்டிய சின்ன போலி இரை, வெறும் இரண்டு மூன்று கிராம். ராடு என்பது ஒரு ஸ்பிரிங். வீசும் பொருளின் எடை அதை வளைத்தால்தான் அது நிமிரும்போது பொருளைத் தள்ளும். டிராக்டர் டியூபை வெட்டி உண்டிவில் கட்டினால் பையனால் இழுக்க முடியுமா? 20 கிராமுக்கு மேல் வீசுவதற்கென்று செய்த ராடில் மூன்று கிராமைக் கட்டினால் அப்படித்தான், காலடியிலேயே விழும்.

கடைக்குப் போனதும் நீங்கள் பார்க்க வேண்டியது பெயரையோ நிறத்தையோ அல்ல. கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்களே, அதை. 'லூர் 1–7 கிராம், லைன் 2–6 எல்.பி.' என்பது போல இருக்க வேண்டும். லூர் என்றால் போலி இரை, லைன் என்றால் நாம் நரம்பு என்று சொல்லும் தூண்டில் இழை, எல்.பி. என்றால் பவுண்ட். 'அல்ட்ரா லைட்' அல்லது 'லைட்' என்று போட்டிருப்பார்கள். நீளம் ஐந்தரையிலிருந்து ஆறரை அடிக்குள். தீர்த்தன் ஒன்றும் காவிரி அல்ல. பாறைக்குப் பாறை தாவிப் போகிற ஆறு அது, பின்னால் மரக்கிளை, முன்னால் எதிர்க்கரைப் பாறை. ஒன்பதடியை அங்கே சுழற்றினால் ஆற்றில் விழுவதைவிட மரத்தில் மாட்டுவதுதான் அதிகம்.

அப்புறம் ஒரு சோதனை. கடைக்காரரிடம் ராடை முழுதாகப் பொருத்தச் சொல்லி, நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலையும் மாட்டச் சொல்லுங்கள். நரம்பை எல்லா வளையத்திலும் கோத்து நுனியை மகன் கையில் கொடுங்கள். அவன் நாலு அடி தள்ளித் தரையோரம் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் மெதுவாக ராடைத் தூக்குங்கள். நுனி மட்டும் மடங்கி மற்றதெல்லாம் குச்சி போல நின்றால் வேண்டாம். நுனியில் தொடங்கி நடு வரைக்கும் அரிவாள் மாதிரி ஒரே சீராக வளைய வேண்டும். நரம்பு வளையங்களை ஒட்டிப் போகிறதா, எங்காவது ராடின் உடம்பையே உரசுகிறதா என்றும் பாருங்கள். உரசினால் வளையங்கள் போதவில்லை என்று அர்த்தம். ஆறடி ராடுக்கு நுனி வளையத்தோடு சேர்த்து ஏழு இருந்தால் நல்லது. கடைசியாக, காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றிப் பாருங்கள். பஞ்சு எங்காவது சிக்கினால் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது, அது நரம்பை அறுத்துவிடும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ரீலின் அளவு எண் 1000 அல்லது 2000. நரம்பு 4 பவுண்ட் தாங்குவது, மிஞ்சினால் 6. பின்னல் நரம்பு வேண்டாம், சாதாரண நைலானே போதும். அது கொஞ்சம் இழுபடும், நமக்கு அதுதான் வேண்டும்.

மே மாதம் என்றீர்கள், நல்லது. மழைக்காலத்தில் ஆறு சேறாக ஓடும். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய அங்கே ட்ரவுட் பிடிக்கத் தடை, மீன் முட்டையிடும் காலம். அனுமதிச்சீட்டு வாங்கும்போதே எந்த அளவுக்குக் கீழே விட்டுவிட வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை, எந்த இரைக்கு அனுமதி என்று மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதையும்.

ஃப்ளை ராடுகளில் 4, 5, 6 என்று எண் போட்டிருக்கிறார்கள். பெரிய எண் என்றால் பெரிய மீனா? எதை வாங்குவது?
– கல்லூரி மாணவர், பெங்களூரு

எண் மீனுக்கானது அல்ல, வீசும் நூலுக்கானது. இது புரிந்துவிட்டால் பாதி கிணறு தாண்டியாயிற்று.

சாதாரண ராடில் நாம் வீசுவது இரையின் எடையை. நரம்பு அதன் பின்னால் போகும். ஃப்ளையில் இது தலைகீழ். ஃப்ளை என்பது இறகும் மெல்லிய இழையும் சுற்றிச் செய்த போலிப் பூச்சி, அதற்கு எடையே கிடையாது, ஊதினால் பறக்கும். அதனால் எடையை நூலுக்குள் வைத்துவிட்டார்கள். ஐந்தாம் எண் நூலின் முதல் 30 அடியை நிறுத்தால் கிட்டத்தட்ட 9 கிராம். அந்த 9 கிராம் காற்றில் முன்னும் பின்னும் போகும்போது சரியாக வளைகிற ராடுதான் ஐந்தாம் எண் ராடு. ஐந்தாம் எண் ராடுக்கு ஐந்தாம் எண் நூல். மாற்றி வாங்கினால் இரண்டும் வீண்.

முதல் ராடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது அடி, 5ஆம் எண், நாலு துண்டாகப் பிரிவது. பிரித்தால் சுமார் இரண்டேகால் அடி நீளம்தான் வரும், ரயிலில் மேல் பெர்த்தில் வைக்கலாம். மரங்கள் அடைத்துக்கொண்டிருக்கும் சிற்றோடைகளில் மட்டும்தான் பிடிக்கப்போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தால் ஏழரை அடி, 3 அல்லது 4ஆம் எண். நூல் பெட்டியில் 'டபிள்யூ.எஃப். 5 எஃப்' என்று இருந்தால் அது முன்பக்கம் எடை கூடிய, ஐந்தாம் எண், மிதக்கும் நூல். அதையே வாங்குங்கள்.

ரீலுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். ட்ரவுட்டுக்கு ஃப்ளை ரீல் என்பது பெரும்பாலும் நூலைச் சுற்றி வைக்கும் டப்பாதான். மிச்சப் பணத்தை நூலில் போடுங்கள்.

ஆற்றுக்குப் போகும் முன் ஒரு மாதம் மைதானத்தில் பழகுங்கள். முள் கட்டாதீர்கள், கம்பளி நூல் துணுக்கு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். நான் தொழிற்சாலைக்குப் பின்னால் கால்பந்து மைதானத்தில் பழகினேன். பைத்தியம் என்று ஒரு பேச்சு கொஞ்ச நாள் ஓடியது.

கார்பன் ராடா, ஃபைபர் கிளாஸ் ராடா?
– சேலம்

கார்பன் எடை குறைவு, மீன் தொட்டதும் கைக்குத் தெரியும். கிளாஸ் கொஞ்சம் கனம், ஆனால் அடி தாங்கும், வளைந்து கொடுக்கும். பிள்ளைகளுக்கு கிளாஸ். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், கார்பனில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்குக் கீழே கார்பன் ராடை நிமிர்த்திப் பிடித்து நடக்காதீர்கள். இடி இடித்தால் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

என் தாத்தா நீலகிரியில் எஸ்டேட் கிளார்க்காக இருந்தவர். பரணில் துணிப்பைக்குள் ஒரு தூண்டில் கிடைத்தது. மூன்று துண்டு, கூடுதலாக ஒரு நுனி. வட்டமாக இல்லாமல் ஆறு பட்டையாக இருக்கிறது. 'ஆல்னிக், இங்கிலாந்து' என்று எழுத்து மங்கலாகத் தெரிகிறது. உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடித்துப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

அம்மா, உப்புத்தாளை முதலில் கீழே வையுங்கள்.

உங்கள் கையில் இருப்பது பிளந்த மூங்கில் ராடு. மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, முக்கோண வடிவத்தில் சீவி, ஆறு சிம்புகளை ஒன்றாக ஒட்டிச் செய்வது. அதனால்தான் ஆறு பட்டை. மூங்கிலின் வெளித்தோல் பக்கம்தான் பலம். சிம்புகளின் அந்தப் பக்கம் வெளியே இருக்கும்படிதான் ஒட்டியிருப்பார்கள். நீங்கள் உப்புத்தாள் போட்டால் அந்த பலத்தைத்தான் சுரண்டி எடுப்பீர்கள். ஆல்னிக்கில் 1872இல் தொடங்கிய ஹார்டி நிறுவனம் இப்படிப்பட்ட ராடுகளுக்குப் பேர்போனது. உங்களுடையது அவர்களுடையதுதானா என்று எழுத்தைச் சுத்தமான ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் தெரியும்.

எங்கள் எஸ்டேட் துரை ஒருவர் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். நுனி வளையம் கழன்றிருந்தது. நான் நூலால் கட்டிக் கொடுத்தேன், நைலான் நூல். அவர் ஒன்றும் சொல்லாமல் பிளேடால் அறுத்துப்போட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டு நூல் கண்டை எடுத்து வைத்தார். சிவப்பு. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல், இடைவெளியும் விடாமல் சுற்றிக் காட்டினார். அதைக் கற்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. இப்போதும் மெல்லிய நூலைப் பார்த்தால் விரல் தானாக உருட்ட ஆரம்பிக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்து ஒட்டுக் கோடுகளைப் பாருங்கள். எங்காவது பிளவு தெரிகிறதா? இரண்டு கையாலும் பிடித்து மிக லேசாக முறுக்கும்போது 'டிக்' என்று சத்தம் வருகிறதா? வந்தால் பசை விட்டிருக்கிறது. அதில் மீன் பிடிக்காதீர்கள். சத்தம் இல்லை என்றாலும் வீட்டில் வளைத்துப் பலம் பார்க்கும் வேலை வேண்டாம். துண்டுகள் இணையும் உலோகக் குழாய் இறுகியிருந்தால் குறடு போடக் கூடாது, முறுக்கவும் கூடாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் இணைப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வைத்து, நேர்கோட்டில் இழுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். பரணில் மறுபடி படுக்கவைக்காதீர்கள். துணிப்பையின் நாடாவில் ஆணியில் நேராகத் தொங்கவிடுங்கள், ஈரமில்லாத அறையில்.

எங்கள் ஊர் வாய்க்காலில் மூங்கில் குச்சி, நுனியில் நரம்பு, தக்கை, மண்புழு, அவ்வளவுதான். ரீல் எல்லாம் கிடையாது. இதை வைத்து ட்ரவுட் பிடிக்க முடியாதா?
– ஒரு விவசாயி, பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்

முடியும். கேட்டதற்கு நன்றி, இந்தக் கட்டிலேயே எனக்குப் பிடித்த கடிதம் உங்களுடையதுதான்.

ஜப்பானின் மலை ஓடைகளில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பிடித்துவந்தார்கள். தென்காரா என்று பெயர். நீளமான ராடு, நுனியிலேயே நரம்பைக் கட்டிவிடுவது, ரீல் கிடையாது. முன்பு மூங்கில், இப்போது கார்பன், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஏறக்குறைய ஒரு முழத்தில் அடங்கிவிடும். நிமிர்த்தினால் 11 முதல் 13 அடி. நரம்பும் ஏறக்குறைய அதே நீளம். உங்கள் குச்சிக்கும் அதற்கும் வித்தியாசம், அங்கே மண்புழுவுக்குப் பதில் ஃப்ளை, தக்கை இல்லை. அவ்வளவுதான்.

கோவைக்காரருக்கு ஆறடி போதும் என்று சொல்லிவிட்டு இங்கே 12 அடி என்கிறானே என்று கேட்பீர்கள். வீசும் ராடு வேறு, நீட்டும் ராடு வேறு. இதில் நீங்கள் தூரம் வீசுவதில்லை. பாறைக்குப் பின்னால் தண்ணீர் கொஞ்சம் அமைதியாகச் சுழலும் இடத்துக்கு நேராகக் கையை நீட்டி, நரம்பு ஓட்டத்தில் படாமல் தூக்கிப் பிடித்து, ஃப்ளையை மட்டும் தண்ணீரில் வைக்கிறீர்கள். ட்ரவுட் நிற்பதும் அங்கேதான், வேக நீருக்கும் மெதுநீருக்கும் இடையிலான ஓரத்தில். வாய்க்கால் மதகடியில் எங்கே தக்கையைப் போட வேண்டும் என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்தக் கண் இருந்தால் போதும்.

ஒரே சிக்கல், பெரிய மீன் மாட்டி ஓடினால் விட்டுப்பிடிக்க நரம்பு இருக்காது. நீங்கள்தான் கூடவே ஓட வேண்டும். செருப்பு வழுக்காமல் இருக்கட்டும்.

டொரொண்டோவில் இருக்கிறேன். இங்கே ஆற்றில் ரெயின்போ ட்ரவுட்டுக்கு 11, 13 அடி ராடோடு நிற்கிறார்கள். யூடியூபில் எல்லாரும் ஆறடி போதும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– மிசிசாகா

இரண்டு பேரும். ஒன்டாரியோ ஏரியில் தின்று பெருத்து முட்டையிட ஆற்றுக்கு ஏறுகிற ரெயின்போவும், ஊட்டி மலையோடையில் சாண் நீளத்தில் நிற்கிற ரெயின்போவும் ஒரே இனம்தான். ஆனால் உங்களுடையது மூன்று நாலு கிலோ வரும், ஆறும் அகலம். அங்கே மிதப்பு கட்டி ஓட்டத்தோடு நெடுந்தூரம் விடுகிறார்கள். நரம்பு தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடிக்கவும், மெல்லிய நரம்பு அறாமல் பெரிய மீனின் ஓட்டத்தைத் தாங்கவும் அந்த நீளம் வேண்டும். பக்கத்தில் நிற்பவர் வைத்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள், யூடியூபை விடுங்கள். ஏரிக்குப் போகாத சின்ன ஓடைகளுக்குப் போனால் ஆறடி.

நீலகிரியில் இன்னும் ட்ரவுட் இருக்கிறதா? ராடு வாங்கிக்கொண்டு வரலாமா?
– ஈரோடு

மலையில் இயற்கையாக இருந்த மீன் அல்ல அது. 1860களிலேயே மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே ட்ரவுட்டை இங்கே கொண்டுவர முயன்று தோற்றார். 1900களின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் ரெயின்போ ட்ரவுட்டை நிலைக்கச் செய்தார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அப்போது வந்ததுதான். மேல்மலை ஓடைகளில் மீன் இன்னும் உண்டு. ஆனால் அந்த ஓடைகளில் பல இன்று முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளோ காப்புக்காட்டுக்குள்ளோ இருக்கின்றன. ராடோடு நுழைந்தால் மீனுக்குப் பதில் வழக்குதான் மாட்டும். முதலில் ஊட்டி மீன்வளத் துறை அலுவலகத்திலும் வனத் துறையிலும் கேளுங்கள், ராடை அப்புறம் வாங்கலாம். மழையையும் யோசியுங்கள். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அங்கே ஓடை என்பது காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று.

என் கணவர் இரண்டு ராடு வைத்திருக்கிறார். இப்போது மூன்றாவதாக ஒன்று, ட்ரவுட்டுக்கு என்கிறார். ராடு, ரீல், ரயில், அறை வாடகை எல்லாம் போட்டால் அந்த மீன் கிலோ என்ன விலை ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.
– மதுரை

போட்டேன் அம்மா. என் கணக்கையே போட்டேன். 2017இல் வாங்கிய ராடு 2,800 ரூபாய், அது இன்னும் உழைக்கிறது. நடுவில் ஒருமுறை நுனி உடைந்தது. மீன் உடைக்கவில்லை, ஜீப் கதவு உடைத்தது. எனக்குத் தெரிந்து ராடுகளை உடைப்பது ஜீப் கதவும் வீட்டு மின்விசிறியும்தான். போகவர ரயில், பேருந்து, தங்கல், அனுமதிச்சீட்டு எல்லாம் கூட்டி, நான் அங்கே தின்ற மீனால் வகுத்தேன். வந்த தொகையை என் மனைவியும் இந்த இதழைப் படிப்பதால் இங்கே எழுத முடியாது.

ஒன்று செய்யுங்கள். பழைய இரண்டு ராடையும் எடுத்து, கைப்பிடிக்கு மேலே இருக்கும் எண்ணைப் படியுங்கள். இரண்டில் ஒன்றில் 1–7 கிராமோ அதற்குப் பக்கத்திலோ இருந்தால் மூன்றாவது தேவையே இல்லை, இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். இரண்டும் 20 கிராமுக்கு மேல் என்றால், மன்னிக்கவும், அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் ஆறரை அடிக்கு மேல் கேட்டால் விடாதீர்கள்.